நெமானி பிடித்த கண்ணாடி

என் கல்யாணத்தன்று காலையில் கார்க் கண்ணாடி கதவுக்குள் விழுந்தது. யார் தப்பு என்று கேட்டால் மாமா என்னைக் காட்டுவார், நான் மாமாவைக் காட்டுவேன். நடந்ததைச் சொல்கிறேன், நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

லௌதோக்காவிலிருந்து ராக்கிராக்கிக்குப் போய்க்கொண்டிருந்தோம். பச்சைக் கார், மாமாவுடையது. ஜப்பானில் யாரோ ஓட்டித் தேய்த்துவிட்டுக் கப்பலேற்றி அனுப்பியது. ஃபிஜிக்கு வந்து இருபது வருஷமாக மாமாவிடம் அடிபடுகிறது. மாமா பெயர் விலிகேசா, என் அம்மாவின் தம்பி. அவர் ஓட்ட, பக்கத்து சீட்டில் மாப்பிள்ளை வீட்டுக்குக் கொடுக்க வேண்டிய பாய்கள் பாதி உயரத்துக்கு அடுக்கியிருந்தன. பின்னால் இடதுபுறம் நான். வலதுபுறம் மாமாவின் மனைவி கெலேரா அத்தை, அவர் மடியில் மூன்றடுக்குக் கேக். அத்தைக்குச் சாதாரண நாளிலேயே ஒன்றரை சீட் வேண்டும். கேக்கோடு சேர்ந்து அன்று யாராலும் அசைக்க முடியாத ஆளாகிவிட்டார்.

நான் மாசி உடுத்தியிருந்தேன். அது நூல் துணி இல்லை. மரப்பட்டையை ஊறவைத்து, கட்டையால் அடித்து அடித்து மெலிசாக்கி, துண்டுக்குத் துண்டு ஒட்டி, மேலே கறுப்பும் செம்மண் நிறமுமாக அச்சு வைத்தது. மணப்பெண்ணுக்கு அதைவிட உயர்ந்த உடுப்பு எங்களிடம் கிடையாது. குறை ஒன்றே ஒன்றுதான். தண்ணீர் பட்டால் தீர்ந்தது கதை. ஒட்டு விட்டுப்போய், ஊறின காகிதம் மாதிரி கையோடு பிய்ந்து வரும்.

இந்த மாசியைச் செய்தவள் என் அம்மா. பதினான்கு வருஷத்துக்கு முன்னால், எனக்கு இருபத்தைந்து வயதில், வேறொருத்தனோடு நடக்கவிருந்த கல்யாணத்துக்காகச் செய்தாள். அவன் பட்டாளத்தில் சேர்ந்து இங்கிலாந்து போனான். அங்கிருந்து ஒரு கடிதம் வந்தது, அதற்குள் அவனுடைய கல்யாண போட்டோவும் இருந்தது. அம்மா மாசியை மடித்து மெத்தைக்கு அடியில் வைத்தாள். ஆறு வருஷத்துக்கு முன் அம்மாவும் போய்விட்டாள். ஓசேயா போன மார்ச்சில் என்னைக் கட்டிக்கொள்கிறாயா என்று கேட்டபோது, சரி என்று சொல்வதற்கு முன்னால் எனக்கு ஞாபகம் வந்தது மாசிதான். வெட்கமில்லாமல் சொல்கிறேன். அம்மா செய்ததை ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, உடுத்திக்கொண்டு சர்ச்சுக்குள் நடக்க வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். மாப்பிள்ளை அதோடு கூட வந்த லாபம்.

மாமாவுக்கு வேண்டியது வேறு. அக்கா மகள் முப்பத்தொன்பது வயதில் கரையேறுகிறாள் என்பதை நாடே பார்க்க வேண்டும். எங்கள் நாட்டில் ஆளைக் கண்டால் கூப்பிட்டு வணக்கம் சொல்லாமல் தாண்டிப் போகிற பழக்கம் இல்லை. மாமா அதிலும் ஒரு படி மேல். நான்கு கண்ணாடிக்கும் பொத்தான் அவர் கதவில் இருக்கிறது. ஒவ்வொரு ஊர் வந்ததும் ஹாரனை அடிப்பார், என் பக்கத்துக் கண்ணாடியை இறக்குவார், "புலா! புலா! பொண்ணைப் பாருங்க!" என்று கத்துவார். நான் பல்லைக் காட்டிக் கையாட்டிவிட்டு, புழுதிக்குப் பயந்து என் பொத்தானை அமுக்கிக் கண்ணாடியை ஏற்றுவேன். அவர் இறக்குவார், நான் ஏற்றுவேன். பா நகரைத் தாண்டுவதற்குள் முப்பது தடவை ஆகியிருக்கும். தவுவா பஸ் நிலையத்தில் கூட்டத்தைக் கண்டதும் மாமா அமுக்கிய பொத்தானை விடவேயில்லை. அவர் விட்டதும் நானும் விடாமல் அமுக்கினேன். கதவுக்குள் ஏதோ கறகறவென்று அரைத்தது. பிறகு டொக்கென்று ஒரு சத்தம்.

"கண்ணாடி எங்கடி?" என்றார் மாமா.

"கதவுக்குள்ள."

"ஏத்து."

"எதை ஏத்தறது? உள்ள மோட்டார் மட்டும் சுத்துது. கண்ணாடியக் காணோம்."

"நீ எதுக்குடி சும்மா சும்மா ஏத்தின?"

"நீங்க எதுக்குச் சும்மா சும்மா எறக்கினீங்க?"

"கல்யாணப் பொண்ணை மூடியா கூட்டிட்டுப் போவாங்க? பன்னி ஏத்திட்டுப் போறோம்னு நெனைச்சுக்குவான்!"

"ரெண்டு பேரும் வாயை மூடிட்டு மலையைப் பாருங்க," என்றார் அத்தை.

பார்த்தோம். நாங்கள் போக வேண்டிய பக்கம், நக்கௌவந்த்ரா மலைமேல், வானம் கன்னங்கரேலென்று இறங்கியிருந்தது.

டாக்ஸி பிடிக்கலாம் என்றேன். மாமா முகம் செத்துப்போனது. அக்கா மகளைத் தன் காரில் கொண்டுபோய் இறக்குவதுதான் அவர் எனக்குச் செய்யும் சீர். டாக்ஸியை விட்டதற்கு அவர் முகம் மட்டும் காரணமில்லை, நிலையத்தில் ஒரு டாக்ஸியும் இல்லை. அன்று ரக்பி இறுதிப் போட்டி, எல்லா ஓட்டுநர்களும் மைதானத்தில். நான் முன் சீட்டுக்கு மாறலாம் என்றால், சீர்ப் பாய்களை அந்த ஓட்டை ஜன்னலோரம் வைத்து நனைய விட வேண்டும். கேக்கை மூடியிருந்த பிளாஸ்டிக்கைக் கழற்றி ஜன்னலில் ஒட்டிப் பார்த்தோம். மாமா வேகம் எடுத்ததும் அது படபடவென்று அடித்துக்கொண்டு பறந்துபோய் ஒரு கரும்பு லாரியின் முகத்தில் ஒட்டியது.

ஓசேயாவுக்கு போன் செய்தேன். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், எதையும் பதறாமல் கேட்பவர்.

"கண்ணாடி விழுந்துருச்சு," என்றேன்.

"யாரு பக்கத்துக் கண்ணாடி?"

"என் பக்கத்து."

"நீ விழலையே?"

"இல்ல."

"அப்ப வா. ஆனா பதினொரு மணிக்கு வா. போதகர் பன்னெண்டுக்குக் கெளம்பி தீவுக்குப் படகு பிடிக்கறாரு. அடுத்த வாரந்தான் வருவாரு."

மணி ஒன்பதரை ஆகியிருந்தது.

தவுவாவைத் தாண்டி இரண்டாவது மைலில் ஒரு தகரக் கொட்டகை. வாசலில் நான்கைந்து செத்த கார்கள், ஒரு சைக்கிள், மாமரம். மரத்தடியில் ஒரு கனத்த ஆள் பலாக்கொட்டை தின்றுகொண்டிருந்தார். மாமா வண்டியை உள்ளே திருப்பி நிறுத்தி, இறங்கப் போனவர், அப்படியே கதவைத் திரும்ப மூடிக்கொண்டார்.

"ஐயோ," என்றார் மெதுவாக. "சட்டையப் பாரு."

அந்த ஆள் போட்டிருந்த ரக்பிச் சட்டையில் பெரிய எழுத்தில் நைவிசேரே என்று ஊர்ப் பெயர் இருந்தது.

எங்கள் சொந்த ஊர் வூனிமாசி, கடல் நடுவில். நைவிசேரே மலைக்கு மேலே. இரண்டு ஊருக்கும் மூதாதை ஒன்று. அதனால் நாங்கள் ஒருவருக்கொருவர் தௌவு. தௌவு கேட்டால் இல்லை என்று சொல்லக்கூடாது. தௌவு திட்டினால் கோபப்படக்கூடாது, திரும்பத் திட்டலாம். போன கிறிஸ்துமஸுக்கு ஒரு நைவிசேரேக்காரர் மாமா வீட்டுக்கு டீ குடிக்க வந்து, குடித்து முடித்து, தொலைக்காட்சிப் பெட்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். மாமா சிரித்துக்கொண்டே அதை வண்டி வரைக்கும் தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தார். அப்புறம் மூன்று நாள் யாரோடும் பேசவில்லை. அதற்கு முந்தின வருஷம் மாமா நைவிசேரேவுக்குப் போய் அவர்களுடைய பெரிய பன்றியைக் கேட்டு வாங்கி வந்ததை மட்டும் அவர் யாரிடமும் சொல்ல மாட்டார்.

"ஊரைச் சொல்லிராதீங்க," என்று கிசுகிசுத்தார் மாமா. "சொன்னா காரையே கேப்பான். நடந்துதான் போகணும் சர்ச்சுக்கு."

அந்த ஆள் வந்து ஜன்னலில் குனிந்தார். கண்ணாடி இல்லாததால் நேராக உள்ளேயே தலையை நீட்டினார். "புலா. நான் நெமானி. என்ன, கண்ணாடி குளிக்கப் போயிருச்சா? எந்த ஊர்க்காரங்க நீங்க?"

"லௌ," என்றார் மாமா. "லௌ தீவுங்க."

"லௌவா," என்றார் நெமானி. அவர் பார்வை என் மாசியில் இறங்கி, கீழ் ஓரத்தில் நின்றது. அங்கே மூன்று மூன்றாக நண்டுக்கால் அச்சு, அம்மா வைத்தது. வூனிமாசிப் பெண்களைத் தவிர வேறு யாரும் அந்த அச்சை வைக்க மாட்டார்கள். அது மாமாவுக்கும் தெரியும், அத்தைக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பயத்தில் மூன்று பேருக்கும் மறந்துவிட்டது. ஊரையே உடம்பில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்து ஊரை மறைக்கப் பார்த்திருக்கிறோம்.

நெமானி இடுப்பில் கை வைத்து, தலையை நிமிர்த்தி, மாமரத்து மைனாவெல்லாம் பறக்கிற மாதிரி ஒரு கத்து கத்தினார். "தௌவூ! அடேய், நண்டு தின்னிப் பயலுகளா! எங்கிட்டயா லௌங்கற? வூனிமாசி நாத்தம் தவுவா வரைக்கும் அடிக்குதேன்னு காலைலேர்ந்து பாத்துட்டிருந்தேன்!"

மாமாவுக்கு வேறு வழியில்லை. இறங்கிக் கதவை அறைந்து சாத்தினார். "அது எங்க நாத்தம் இல்ல, மலைப் பன்னி! நீ குளிக்காம இருக்கற நாத்தம்! மழை பேஞ்சாத்தானே உங்க ஊர்ல எவனும் குளிக்கறான்!"

இரண்டு பேரும் கட்டிக்கொண்டு முதுகில் அடித்துக்கொண்டார்கள். பிரியும்போது மாமா வெயிலுக்குப் போட்டிருந்த கறுப்புக் கண்ணாடி நெமானி மூக்கில் இருந்தது.

"இது எனக்கு," என்றார் நெமானி.

"எடுத்துக்க," என்றார் மாமா. அழாத குறை.

"தௌவு," என்றேன் நான் உள்ளேயிருந்து, "எதை வேணா எடுத்துக்குங்க. முதல்ல கண்ணாடிய ஏத்துங்க. மழை வருது."

அவர் மலையைப் பார்த்தார், என் மாசியைப் பார்த்தார், வாயில் இருந்த பலாக்கொட்டையைத் துப்பினார். நான் இறங்கிக் கொட்டகைக்குள் ஒரு டயரின்மேல், பாயை விரித்து உட்கார்ந்தேன். நெமானி வேலையைத் தொடங்கினார்.

நல்ல வேலைக்காரர், அதை ஒத்துக்கொள்ள வேண்டும். கைப்பிடிக்குப் பின்னால் இரண்டு திருகாணி, கைவைக்கும் மேட்டுக்கு அடியில் ஒன்று. பிறகு உள்தகட்டின் ஓரத்தில் விரலைக் கொடுத்து இழுத்தார், படக் படக்கென்று பின்கள் விட்டன. கதவுக்குள் கையை விட்டு, பொடிசாக அறுந்த ஒரு இரும்புக் கயிற்றை வெளியே எடுத்தார். நூடுல்ஸ் மாதிரி சுருண்டு வந்தது.

"மோட்டார் நல்லாத்தான் இருக்கு. கண்ணாடியத் தூக்கற கயிறு அறுந்துபோச்சு. ஏத்தி எறக்கி ஏத்தி எறக்கி அறுத்திருக்கீங்க. யாரு ஏத்தினது? யாரு எறக்கினது?"

நானும் மாமாவும் ஒரே நேரத்தில் எதிரெதிராகக் கையை நீட்டினோம்.

"செத்த வண்டி எதுலயும் இந்தக் கதவுக்குச் சேர்ற கயிறு இல்ல," என்றார் நெமானி. கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். அப்புறம் நேராகத் தன் சைக்கிளிடம் போய், பிரேக் கம்பியை உருவி எடுத்து வந்தார். அதைக் கதவுக்குள் இருந்த சின்ன உருளையில் சுற்றினார். ஒரு சுற்றுக்கு ஒரு வசவு. எங்கள் ஊர் ஆண்களுக்கு நீச்சல் தெரியாது என்றார், எங்கள் போதகர் தூண்டில் போடும்போதுதான் ஜெபம் செய்வார் என்றார். மாமாவும் சளைக்கவில்லை, நைவிசேரேயில் ஆட்டுக்கும் மாப்பிள்ளைக்கும் வித்தியாசம் தெரியாமல் ஒரு கல்யாணமே நடந்தது என்றார். அத்தை கேக்கைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்ததில் மேலடுக்கு ஒரு பக்கம் சாய்ந்தது. மணி பத்து. தகரத்தின்மேல் முதல் துளிகள் விழுந்தன. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

"அமுக்கு," என்றார் நெமானி.

மாமா ஏற்றும் பொத்தானை அமுக்கினார். பாதியில் நின்ற கண்ணாடி விர்ரென்று கீழே போய்விட்டது.

"கீழ அமுக்கு."

கீழே அமுக்கினார். கண்ணாடி ஏறியது.

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். சிரித்துக்கொண்டே சுற்றியதில் கயிற்றைத் தலைகீழாகச் சுற்றிவிட்டார் நெமானி. பிறகு அவர்கள் சிரித்த சிரிப்பைச் சொல்லி முடியாது. மாமா தரையில் உட்கார்ந்துவிட்டார். அதோடு முடிந்திருந்தாலும் பரவாயில்லை. ஏறின கண்ணாடி கொஞ்ச நேரம் நின்றது, பிறகு தூக்கம் வந்த ஆள் தலையைத் தொங்கப் போடுவது போல மெதுவாகக் கீழே இறங்கியது. சைக்கிள் கம்பி மெலிசு, பிடிமானத்தில் வழுக்குகிறது.

"முழுசா அவுத்துச் சுத்தணும்," என்றார் நெமானி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "ஒரு மணி நேரம் ஆகும்."

"ஒரு மணி நேரம் இல்ல!" என்று கத்தினேன். "பத்து நிமிஷங்கூட இல்ல!"

அவர் அப்போதுதான் என்னை ஒழுங்காகப் பார்த்தார். சிரிப்பு நின்றது. "கூலி பத்திக் கேக்கல நீ," என்றார்.

"தௌவுகிட்ட என்ன கூலி? வேணுங்கறதைக் கேளுங்க."

"அந்த மாசி வேணும்."

மழை தகரத்தில் சடசடவென்று பிடித்துக்கொண்டது. அத்தை "ஆண்டவரே" என்றார். இல்லை என்று சொல்லக்கூடாது. கோபப்படவும் கூடாது. எனக்கு இரண்டும் சேர்ந்து வந்தது. அம்மா விரல்களில் கறை படிந்து, மூன்று மாசம் போகாமல் இருந்தது நினைவுக்கு வந்தது. அந்த மலைப் பன்றியின் மூக்கில் இருந்த கறுப்புக் கண்ணாடியைப் பிடுங்கி உடைக்கலாம் போல இருந்தது.

ஆனால் ஒன்று யோசித்தேன். எனக்கு வேண்டியது ஒரே ஒரு நடை.

"எடுத்துக்குங்க," என்றேன். "இப்பவே உங்களுதுதான். ஆனா நான் சர்ச்சுக்குள்ள நடந்து முடிச்ச அப்புறந்தான் கழட்டுவேன். அது வரைக்கும் உங்க மாசிய நீங்கதான் பாத்துக்கணும். ஒரு சொட்டு பட்டுதுன்னாலும் உங்க நஷ்டம். எனக்கென்ன?"

நெமானி என்னை மேலும் கீழும் பார்த்தார். "அடிப்பாவி," என்றார், மரியாதையாக.

அத்தை தன் மேற்பார்வையில் அவருடைய கைகளைச் சவர்க்காரம் போட்டு மூன்று தடவை கழுவ வைத்தார். பிறகு இரண்டு வெள்ளைத் துண்டால் முழங்கை வரை சுற்றிக் கட்டினார். நெமானி முன் சீட்டில் பாய்களின்மேல் முழங்கால் போட்டு, பின்பக்கம் திரும்பி உட்கார்ந்தார். தலை கூரையில் இடித்தது. இரண்டு கையையும் சீட்டுக்கு மேலாக நீட்டி, என் ஜன்னல் கண்ணாடியில் உள்ளங்கைகளைப் பதித்து மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டார். அவர் முகம் என் முகத்துக்கு ஒரு முழத்தில். அப்படியே நாற்பது கிலோமீட்டர் போனோம்.

மழையா அது! வைப்பர் அடிக்க அடிக்க ரோடு தெரியவில்லை. கண்ணாடியில் தண்ணீர் அருவியாக ஓடியது. ஒவ்வொரு பள்ளத்திலும் கண்ணாடி ஒரு விரல் இறங்கும், நெமானி ஒரு வசவோடு அதை ஏற்றுவார். நான் மாசியின் ஓரங்களைச் சுருட்டி மார்போடு அணைத்துக்கொண்டேன்.

"எங்களுக்கு மேல மாசி மரம் கெடையாது," என்றார் அவர் திடீரென்று. "அக்டோபர்ல என் மகளுக்குக் கல்யாணம். லெவாத்து. சம்பந்திங்க கடக்கரைக்காரங்க, அவங்க பொண்ணுங்கெல்லாம் மாசியிலதான் நிப்பாளுங்க. எம்மக கடையில வாங்கின துணியில நிக்கணும். அதான் கேட்டேன். வெளையாட்டுக்குக் கேக்கல."

"இதை இப்பச் சொல்லாட்டி என்ன?"

"எப்பச் சொல்றது? எம்மூஞ்சி இப்பத்தான் உன் மூஞ்சிக்கு எதிர்ல இருக்கு."

கழுத்தை நெரிக்கலாம் போல இருந்தது. நெரித்தால் கண்ணாடியை யார் பிடிப்பது?

அடுத்த ஊர் வந்தது. மழையில் ஒரு நாயைத் தவிர யாருமில்லை, ஒரு பள்ளிக்கூட வராந்தாவில் மட்டும் பத்துப் பேர் ஒதுங்கி நின்றார்கள். மாமாவால் கையைக் கட்டுப்படுத்த முடியவில்லை. ஹாரனை அடித்தார், பழக்கத்தில் என் கண்ணாடியை இறக்கும் பொத்தானை அமுக்கிவிட்டார்.

"மாமா!" என்று நான் அலறினேன்.

கண்ணாடி விர்ரென்று ஏறி, மேல் சட்டத்தில் டப்பென்று போய் உட்கார்ந்தது.

கயிறு தலைகீழாகச் சுற்றியிருப்பது எனக்கு மறந்தே போயிருந்தது. அப்புறம் முதலில் வெடித்தது நான்தான். காலையிலிருந்து அடக்கி வைத்திருந்ததெல்லாம் சிரிப்பாக வந்தது. நெமானி கையை எடுக்க முடியாமல் துண்டிலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "எறக்குங்க மாமா, எறக்குங்க! எல்லா ஊருக்கும் எறக்குங்க!" என்று கத்தினேன். அதன்பிறகு ராக்கிராக்கி வரை ஒரு ஊரை விடவில்லை மாமா. யாருமில்லாத திருப்பத்துக்கும், மாட்டுக்கும், மரவள்ளித் தோட்டத்துக்கும் ஹாரன் அடித்து, என்னைக் காட்டப் பொத்தானை அமுக்கினார். கண்ணாடி ஒவ்வொரு தடவையும் இறுக்கி மூடிக்கொண்டது. கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தவர்களுக்கு என்ன தெரிந்திருக்கும் என்று கர்த்தருக்குத்தான் தெரியும். தண்ணீருக்குப் பின்னால் ஒரு மணப்பெண், இரண்டு வெள்ளைக் கை, கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு பெரிய தலை, கேக் ஒன்று.

பதினொன்றுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது மாமா காரைச் சர்ச் படிக்கட்டில் மோதாத குறையாக ஏற்றி நிறுத்தினார். ஓசேயாவின் தம்பிமார் நான்கு பேர் தார்ப்பாயைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார்கள். நெமானி இறங்கி, மழையில் நின்றுகொண்டு, "தள்ளுங்கடா, என் மாசிடா அது! இன்னும் தாழப் பிடி!" என்று அவர்களை விரட்டினார். மாப்பிள்ளை வீட்டார் அவரை என் சித்தப்பா என்று நினைத்துப் பயந்து போனார்கள்.

நடந்தேன். மாசி காய்ந்து, மொடமொடவென்று, ஒவ்வொரு அடிக்கும் சருகு மாதிரி சத்தம் போட்டது. அந்தச் சத்தத்தை அதுவரை நான் கேட்டதில்லை. ஓசேயா தன் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார், பிறகு கடிகாரத்தைப் பார்க்கவேயில்லை. நான் கேட்ட நடை எனக்குக் கிடைத்துவிட்டது. போதகர் கேள்வி கேட்டு முடிப்பதற்கு முன்பே சந்தோஷத்தில் இரண்டு தடவை சம்மதம் சொன்னேன்.

சாப்பாடு பந்தலில் நடந்தது. உடை மாற்றிக்கொண்டு, மாசியை மடித்தேன். இரண்டு குடும்பமும் பாயில் உட்கார்ந்து யங்கோனா வேர்ச்சாறு குடித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் நெமானி, மாமாவின் கறுப்புக் கண்ணாடியோடு, ஈரச் சட்டையோடு, மாமாவோடு சேர்ந்து புதிய வசவுகள் தயாரித்துக்கொண்டிருந்தார். நான் போய் அவர் முன்னால் முழங்காலிட்டு மாசியை வைத்து, எங்கள் மரியாதை வழக்கப்படி உள்ளங்கை குவித்து மூன்று தடவை தட்டினேன்.

அவர் திருப்பிக் கொடுப்பார் என்று எல்லாரும் நினைத்தார்கள். உண்மையைச் சொன்னால் நானும் கொஞ்சம் நினைத்தேன். அவர் கொடுக்கவில்லை. இரண்டு கையாலும் எடுத்து, மடியில் வைத்து, பதிலுக்கு மூன்று தடவை தட்டினார்.

"இப்ப என் முறை," என்றேன்.

கூட்டம் ஹோவென்றது. மாமா என் காதருகே நகர்ந்து வந்தார். "கொட்டகையக் கேளு. வேணாம், டிவியக் கேளு, இவன் சித்தப்பன் மவன்தான் எடுத்துட்டுப் போனான்!"

"அக்டோபர்ல உங்க சர்ச்சுல முதல் பெஞ்சு எனக்கு வேணும்," என்றேன் நெமானியிடம். "இன்னிக்கு நான் அதுக்கு உள்ள இருந்தேன், பாக்க முடியல. எங்கம்மாவும் பாக்கல. உங்க மக அதை உடுத்திட்டு நடந்து வர்றப்ப நான் ஒரு தடவை வெளிய நின்னு பாக்கணும்."

நெமானி கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். காலையிலிருந்து முதல் தடவையாக அவரிடம் வசவு இல்லை. மடியில் இருந்த மாசியில் ஒரு துளி விழப் பார்த்தது, சட்டென்று முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"முதல் பெஞ்சுல நண்டுங்களுக்கு எடமில்ல," என்றார் கரகரத்த குரலில். "எம்பொண்டாட்டிய எழுப்பிவிட்டுட்டு உன்னை உக்கார வெக்கறேன்."